சாமியை வரவழைத்தால் போதுமா? மலையேற்றுவது யார்?

நம்ம வகுப்பிலேயே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "மச்சி, டிராமா தெரபி படிக்கலாம்னு இருக்கேன். ரெண்டு நாள் வொர்க்‌ஷாப் ஒண்ணு வந்திருக்கு, சர்டிபிகேட் தர்றாங்களாம். சேரலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே கொட்டிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என் பதில் இதுதான். நாடகம் கற்றுக்கொள்ள என்றால் தாராளமாகப் போங்கள், நல்லது. ஆனால் இரண்டு நாள் கழித்து வெளியே வந்து உங்கள் பெயருக்குப் பின்னால் 'நாடகச் சிகிச்சையாளர்' என்று போட்டுக்கொண்டால், நீங்கள் செய்வது மோசடி. கடுமையான வார்த்தைதான். தெரிந்துதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. படிப்பது உளவியல் முதுகலை. நாலு வருடமாக ஒரு நாடகக் குழுவில் எடுபிடி. விளக்கு தூக்குவதில் ஆரம்பித்து வேடம் கட்டுவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். ஆகவே இதைப் படித்துவிட்டு உளவியல்காரர்களும் அடிக்க வரலாம், நாடகக்காரர்களும் அடிக்க வரலாம். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான் :-)

முதலில் அந்தப் பொய்யைப் பார்த்துவிடுவோம். "நாடகம் என்றாலே சிகிச்சைதான்." மேடையில் மைக் பிடிக்கும் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. எல்லாருக்கும் லாபமாகவும் இருக்கிறது. நாடகத்துறைக்கு என்ன லாபம்? "இந்தப் படிப்பால் என்ன பிரயோஜனம்?" என்று பெற்றோர் கேட்கும்போது, "சும்மா கூத்து இல்லைங்க, இது தெரபி" என்று சொல்லிவிடலாம். பட்டறை நடத்துபவருக்கு, நடிப்புப் பயிற்சி என்றால் வராத காசு சிகிச்சை என்றால் வருகிறது. கல்லூரி நிர்வாகத்துக்கு, மனநல ஆலோசகரைச் சம்பளம் கொடுத்து வைக்காமல், வருடத்துக்கு ஒரு பட்டறை நடத்தி ஆண்டறிக்கையில் போட்டோ போட்டுக்கொள்ளலாம். நஷ்டம் ஒரே ஒருவருக்குத்தான். மனசு உடைந்து போய் அந்த வட்டத்தில் வந்து உட்காருகிறவருக்கு.

நாடகம் நல்லது செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருந்த பையன் மேடை ஏறிய பிறகு நிமிர்ந்து நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நடைப்பயிற்சியும் நல்லதுதான். அதற்காக என்னோடு கடற்கரையில் நடக்க வருகிறவர் எல்லாம் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடுவாரா? நல்லது செய்வது வேறு, சிகிச்சை வேறு. சிகிச்சை என்றால் யாருக்கு, எதற்காக, எவ்வளவு, எப்போது நிறுத்துவது, தப்பாகப் போனால் என்ன செய்வது, யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில்களைக் கற்றுக்கொள்ளத்தான் வருடக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது.

நாடகத்தின் பலம் தெரிந்தவன் அதைக் கண்டு பயப்படவும் செய்வான். சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. சனீஸ்வரன் வேடம் கட்டி ஆடியவர் விடிகாலையில் வேடம் கலைக்கப் போகிறார். அந்தக் கோலத்தில் அவரைக் கண்ட ஒரு பெண் அதிர்ச்சியில் உயிரையே விட்டுவிடுகிறாள். இன்னொரு முறை அவர் எமனாக வந்ததைப் பார்த்த கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிடுகிறது. இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்து அவர் வாத்தியார் ஆகிவிட்டார் என்று கதை முடியும். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஊர் சேர்த்தது என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியரைப் பற்றி இப்படி ஒரு கதையைப் பத்திரமாக வைத்திருக்கிறது என்பதே எனக்குப் போதும். வேடம் ஆளை உலுக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்ம இரண்டு நாள் நிபுணர்களுக்கு அந்தப் பயம் துளியும் இல்லை.

ஒரு கல்லூரிப் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர், பேர் வேண்டாம். முப்பது மாணவர்கள். காலையில் விளையாட்டு, கைதட்டல், சிரிப்பு என்று நன்றாகத்தான் போனது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்துபவர் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "உங்க வாழ்க்கையிலேயே மோசமான நாளை நினைச்சுக்கோங்க. இப்ப அதை நடிச்சுக் காட்டுங்க." ஒரு பெண் எழுந்து நடித்தாள். பாதியிலேயே அது நடிப்பாக இல்லாமல் போய்விட்டது. உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள், உடம்பு நடுங்கியது. நடத்துபவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி! "பார்த்தீங்களா, இதுதான் ரிலீஸ். எல்லாரும் கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். நாலரை மணிக்குக் குழுப்புகைப்படம், சான்றிதழ். ஐந்து மணிக்குக் கல்லூரிப் பேருந்து. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். அன்று ராத்திரி அவள் எப்படித் தூங்கினாள் என்று கேட்க அங்கே ஒருவரும் நியமிக்கப்படவில்லை. அடுத்த வாரம் யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. முன்பின் தெரியாத இருபத்தொன்பது பேர் அவளுடைய ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அழுதால் பாரம் இறங்கிவிடும் என்பது நம் எல்லாருக்கும் பிடித்த நம்பிக்கை. சில நேரம் இறங்கும். சில நேரம் பழைய காயம் மறுபடி கிழிந்துபோகும். எது எப்போது நடக்கும் என்று கணிப்பதும், கிழிவதற்கு முன்னாலேயே நிறுத்துவதும்தான் தொழில். அந்தத் தொழிலை உலகத்தில் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வியன்னாவில் யாக்கோப் மொரினோ என்ற மருத்துவர் 1920களில் தொடங்கிய வேலை பிறகு 'சைக்கோடிராமா' ஆனது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1936ல் நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் என்ற ஊரில் மேடையோடு கூடிய ஒரு மனநல மருத்துவமனையே வைத்து நடத்தினார். பிரிட்டனில் பீட்டர் ஸ்லேட், சூ ஜென்னிங்ஸ் போன்றவர்கள் நாடகச் சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தார்கள். அமெரிக்காவில் 1979ல் அதற்கென ஒரு தேசியச் சங்கம் உருவானது. 1983ல் ரெனே எமுனா சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார். அடுத்த வருடமே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லாண்டி இன்னொன்றைத் தொடங்கினார்.

இவர்கள் வகுப்பில் என்ன நடத்துகிறார்கள்? "நடிச்சு அழுங்க" என்று இல்லை. லாண்டி திரும்பத் திரும்பப் பேசியது 'தூரம்' பற்றி. உணர்ச்சியிலிருந்து ரொம்பத் தள்ளி நின்றால் ஒன்றும் தொடாது. ரொம்ப நெருங்கினால் ஆள் மூழ்கிவிடுவார். அழவும் முடிந்து, அழுகிறோம் என்று யோசிக்கவும் முடிகிற ஓர் இடைத்தூரம் உண்டு. சிகிச்சை நடக்கிற இடம் அதுதான். பொம்மை, முகமூடி, கற்பனைக் கதை எல்லாம் அந்தத் தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவிகள். அம்மாவைப் பற்றி நேராகப் பேச முடியாத குழந்தை, கையில் இருக்கும் பொம்மை நரியின் அம்மாவைப் பற்றிப் பேசும்.

எமுனா இந்தப் பயணத்தை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறார். முதலில் வெறும் விளையாட்டு. அடுத்து கற்பனைக் காட்சிகள். மூன்றாவதாகத்தான் சொந்த வாழ்க்கையின் சூழ்நிலைகள் உள்ளே வருகின்றன. ஆழமான காயங்கள் மேடைக்கு வருவது நாலாவது கட்டத்தில். ஐந்தாவது, முடித்துவைக்கும் சடங்கு. நான் பார்த்த பட்டறையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் ஒன்று, மதியம் நேராக நாலு. ஐந்து என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு குரல் கட்டாயம் எழும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு. நம்ம முன்னோர்களுக்கு இது எப்பவோ தெரியும். கூத்து இல்லையா? சாமியாட்டம் இல்லையா?"

ஐயா, சரியாகச் சொன்னீர்கள். அதையேதான் நானும் சொல்ல வருகிறேன். நம்ம ஊரில் சாமி வந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமா? ஆடுகிறவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். சூடம் காட்டுவார்கள், திருநீறு பூசுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். சாமி மலையேறும் வரை யாரும் இடத்தைவிட்டு அசைய மாட்டார்கள். ஆடியவர் கண்ணைத் திறந்து, தன் பெயரோடும் தன் ஊரோடும் மறுபடி சாதாரண மனுஷியாக ஆன பிறகுதான் கூட்டம் கலையும். பாரதக் கூத்தில் துகிலுரிதல் காட்சியில் வேடக்காரருக்கே அருள் வந்துவிடுவது உண்டு. அப்போதும் சூடத்தோடு ஆள் ஓடுகிறது. கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறானே, அவன் வேலை என்ன? சோகம் உச்சிக்குப் போகும்போது குறுக்கே புகுந்து கேலி பேசி, "இது கூத்துடா" என்று ஞாபகப்படுத்துகிறான். லாண்டி 'தூரம்' என்று எழுதியதைக் கட்டியங்காரன் ராத்திரி முழுக்க நின்று செய்கிறான்.

ஆக, முன்னோர்களுக்குத் தெரியும் என்பவர்களிடம் என் கேள்வி: முன்னோர் செய்ததில் பாதியை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டீர்கள்? சாமியை வரவழைக்கிறீர்கள். மலையேற்றத் தெரியவில்லை. எந்தக் கோயிலிலாவது சாமி வந்தவளை அப்படியே ஐந்து மணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்களா?

அதோடு, முன்னோர் பெருமையை ரொம்பவும் ஊதிப் பெருக்கவும் வேண்டாம். நம்பிக்கையின் பெயரால் மனநோயாளிகளை வைத்துப் பராமரித்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். பழையது என்பதாலேயே நல்லதாகிவிடாது. வெளிநாட்டுச் சரக்கு என்பதாலேயே கெட்டதாகியும் விடாது. சூ ஜென்னிங்ஸ் 1970களில் மலேசியக் காட்டுக்குப் போய் தெமியார் பழங்குடிகளோடு இருந்து, அவர்களுடைய ஆட்டத்தையும் சடங்கையும் பற்றி ஆய்வு செய்தவர். வெள்ளைக்காரர்களே நம்ம பக்கத்துச் சடங்கைப் படித்து உழைத்திருக்கும்போது, நமக்கு மட்டும் உழைக்காமலேயே வந்துவிடுமா?

அடுத்து சட்டம். பிரிட்டனில் 'டிராமாதெரபிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். அங்கீகரிக்கப்பட்ட முதுகலைப் படிப்பை முடித்து, சுகாதாரத் தொழில்களுக்கான குழுமத்தில் பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதியாமல் போட்டால் குற்றம். அமெரிக்கச் சங்கத்தில் பதிவு பெறவும் முதுகலை, நாடக அனுபவம், மேற்பார்வையின் கீழ் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளோடு வேலை என்று பட்டியல் நீளும். இங்கே? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும். நாடகச் சிகிச்சையாளர் என்று போட்டுக்கொள்ள ஒரு விசிட்டிங் கார்டு அடித்தால் போதும். 2021ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. நம் துறைக்காரர்கள் அதைக் கையில் எடுத்துப் பேசியிருக்க வேண்டிய நேரம் அது. நாம் அப்போதும் "நாடகமே சிகிச்சைதானே" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தோம்.

"அப்படியே படித்தாலும் இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்று நம்ம உளவியல் ஆட்கள் நக்கலாகக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இருக்கிற ஆதாரம் குறைவு. மனச்சிதைவுக்கு நாடகச் சிகிச்சை பயன்படுமா என்று 2007ல் காக்ரேன் அமைப்பு அலசியபோது, கணக்கில் எடுக்கத் தகுந்த ஆய்வுகளாக ஐந்துதான் தேறின. நன்மையா தீமையா என்று சொல்ல அது போதாது என்று முடித்தார்கள். 2019ல் உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல், மன நலத்துக்கு உதவுகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. பட்டறைக்காரர்கள் தூக்கிக் காட்டுவது இதைத்தான். ஆனால் அது பாட்டு, நடனம், ஓவியம், வாசிப்பு, அருங்காட்சியகம் எல்லாம் சேர்ந்த பெரிய குடை. அந்தக் குடைக்குள் ஒதுங்கிக்கொண்டு இரண்டு நாள் பட்டறைக்கு அறிவியல் முத்திரை குத்துவது நேர்மையில்லை.

ஆதாரம் குறைவு என்பதால் துறையே வேண்டாம் என்று ஆகுமா? ஆகாது. ஆதாரத்தை யார் உருவாக்குவார்கள்? ஆய்வு செய்யத் தெரிந்த முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும்தான். படிப்பே இல்லாத ஊரில் ஆய்வு எங்கிருந்து வரும்? விதை போடாமல் விளைச்சல் கணக்குக் கேட்கிறோம்.

தமிழில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. மதுரையில் பேராசிரியர் பரசுராம் ராமமூர்த்தி 'வேள்வி' அமைப்பின் வழியாக ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு முகமூடிகளையும் நாடகத்தையும் வைத்து வருடக்கணக்கில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் 1985ல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனது. போருக்குள் இருந்த சனங்கள் தங்கள் வலியை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். மட்டக்களப்பில் 1996ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குத் தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து போரில் அடிபட்ட பிள்ளைகள் வாரம் ஒரு நாள் என்று மாதக்கணக்கில் வந்தார்கள். களிமண், கதை, விளையாட்டு, பாட்டு. கவனியுங்கள், மாதக்கணக்கில். அதே பிள்ளைகள், அதே அண்ணாக்கள், அக்காக்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊரில் அவர்களுக்கு இருந்த பொறுமை, ஏசி அரங்கில் பட்டறை நடத்துகிற நமக்கு இல்லை.

இவ்வளவு அனுபவமும் எங்கே போகிறது? அந்தந்த மனிதரோடு முடிந்துவிடுகிறது. பாடத்திட்டமாக மாறினால்தான் அடுத்த தலைமுறை கைக்கு வரும். தமிழில் கற்றுக்கொடுக்கிற, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய ஒரு நாடகச் சிகிச்சை முதுகலையை நானும் தேடிவிட்டேன். என் கண்ணில் படவில்லை. லண்டனுக்குப் போய்ப் படிக்கலாம், பல லட்சம் இருந்தால். ஆனால் லண்டனில் கற்றதை உசிலம்பட்டியில் ஒரு அம்மாவிடம் செய்ய, அந்த அம்மாவின் பழமொழியும் ஒப்பாரியும் வசவும் தெரிய வேண்டும். இது பேச்சிலும் உடம்பிலும் நடக்கிற சிகிச்சை. மாத்திரை மாதிரி மொழிபெயர்க்காமல் விழுங்க முடியாது.

தேவை இல்லையா என்ன? 2015-16ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒன்று. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது. பத்தில் ஒருவர். நம்ம வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் ஆச்சா? என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வானத்தில் இருந்து எதுவும் குதிக்க வேண்டாம். புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளி. இந்திரா பார்த்தசாரதி தலைமை ஏற்று வளர்த்த இடம். அதே ஊரில் ஜிப்மர், மனநல மருத்துவத் துறையோடு. இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள். இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் போய்விடலாம். சென்னையில் என்றால் 1794ல் தோன்றிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. ஒரு நாடகத்துறையும் ஒரு மனநலத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு வருடப் படிப்பு ஒன்றை எழுத வேண்டும். முதல் வருடம் பாதி நாடகம், பாதி உளவியல். இரண்டாம் வருடம் வார்டு, சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், சிறை. ஒவ்வொரு வாரமும் மூத்தவரிடம் உட்கார்ந்து, "இன்று இதைச் செய்தேன், இப்படி ஆயிற்று" என்று ஒப்பிக்கும் மேற்பார்வை. மாணவரும் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து தன் மனசைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தான் அழுதறியாதவன் அடுத்தவனை அழவைக்கக் கூடாது.

"அப்போ பட்டம் இல்லாத கூத்துக் கலைஞரை வெளியே தள்ளிவிடுவீர்களா?" என்று நாடகக்குழு அண்ணன் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். இருக்கிற எதிர்வாதங்களிலேயே கனமானது இதுதான். பட்டம் என்று ஒரு வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பது ஏழை வீட்டுப் பிள்ளையும் பரம்பரைக் கலைஞரும்தான் என்பது நம் நாட்டு அனுபவம். அதனால் வேலியை எடுத்துவிடலாம் என்பது என் பதில் இல்லை. வாசலை அகலமாக வையுங்கள் என்பதுதான். சேர்க்கைக்கு ஆங்கில நுழைவுத்தேர்வு வேண்டாம், தமிழில் கற்பியுங்கள். பதினைந்து வருடம் கூத்தாடியவருக்கு நாடகப் பாகத்தில் விலக்குக் கொடுங்கள். அவரையே அந்தப் பாகத்துக்கு வாத்தியாராகவும் வையுங்கள். அமெரிக்கச் சங்கத்திலேயே, நேரடியாக நாடகச் சிகிச்சைப் பட்டம் படிக்காமல் வேறு துறையில் முதுகலை முடித்தவர்கள் பயிற்சியாளரின் கீழ் கற்றுப் பதிவு பெற மாற்றுவழி இருக்கிறது. நமக்கு ஏற்ற மாற்றுவழியை நாம் யோசிக்கலாம். ஆனால் வார்டு அனுபவத்துக்கும் மேற்பார்வைக்கும் மட்டும் யாருக்கும் விலக்கு கூடாது, அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும்.

நாடகத்துறைத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் முதுகலைப் படிப்பை விற்க 'தெரபி' என்ற ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். நாடகம் கேள்வி கேட்கும், கோபப்படுத்தும், ராத்திரி தூங்கவிடாது. அதுதான் அதன் அழகு. சிகிச்சையின் வேலை நேர் எதிர். அந்த ராத்திரி அவர் தூங்க வேண்டும். கலை தன்னை மருந்து என்று சொல்லிக்கொண்டால்தான் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்றால், அந்தக் கல்லூரியோடு சண்டை போடுங்கள். சமரசம் பண்ணிக்கொண்டு லேபிளை மாற்றாதீர்கள்.

கடைசியாக, நம்ம வகுப்பு மக்களுக்கு. காசு கட்டும் முன்னால் அந்தப் பட்டறைக்காரரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. நீங்கள் எங்கே, யாரிடம், எத்தனை மணி நேரம் மேற்பார்வையோடு பயிற்சி எடுத்தீர்கள்?
2. இப்போது உங்களை மேற்பார்வை செய்வது யார்?
3. பட்டறையில் யாராவது உடைந்துபோனால் அன்று ராத்திரியும் அடுத்த வாரமும் அவரைப் பார்ப்பது யார்?
4. அங்கே சொன்னது வெளியே போகாது என்பதற்கு என்ன ஏற்பாடு?
5. யாரை இந்தப் பட்டறையில் சேர்க்க மாட்டீர்கள்?

ஐந்தாவது கேள்வி முக்கியம். "எல்லாரும் வரலாம், எல்லாருக்கும் நல்லது" என்று பதில் வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து விற்கிறவரை நாம் பஸ் ஸ்டாண்டில் நிறையப் பார்த்திருக்கிறோம். அவராவது இருபது ரூபாயோடு விட்டுவிடுவார்.

நாலு பேர் சேர்ந்தால் துறைத்தலைவரிடம் ஒரு மனு கொடுக்கலாம்: நாடகத்துறையோடு சேர்ந்து ஒரே ஒரு விருப்பப் பாடம், மருத்துவமனைப் பயிற்சியோடு. மனு நான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?